‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள்: நோயுள்ள முதிய நாயைத் தத்தெடுப்பவர்களுக்கு

தத்தெடுப்பு முகாம்களில் குட்டிகளைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். ஏழெட்டு வயதைத் தாண்டிய நாய்கள் காப்பகத்தின் பின்பக்கக் கூண்டுகளில் வருடக்கணக்கில் கிடக்கும். அவற்றில் பல ஒரு காலத்தில் வீட்டு நாய்கள். வளர்த்தவர் இறந்துபோய், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். வாடகை வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். தோல் நோய் வந்ததும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டிருப்பார்கள். குட்டி விற்பவர்கள் ஈற்றுக்கு ஈற்று பயன்படுத்திவிட்டுக் கைவிட்ட பெண் நாய்களும் இவற்றில் உண்டு. 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி ஒரு பிராணியைப் பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது குற்றம். அந்தச் சட்டம் கூண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

அப்படி ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சோர்வு, நொண்டல், வாய்நாற்றம், அடிக்கடி சிறுநீர் போவது, இரவில் அலைவது என்று முதிய நாயிடம் தெரிகிற எல்லாவற்றுக்கும் ‘வயதாகிவிட்டது’ என்று ஒரே காரணம் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, பலவற்றுக்கு மருந்தும் இருக்கிறது. ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லத் தோன்றும் ஒவ்வொரு முறையும் ‘என்ன நோய்?’ என்று கேட்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதுமை எப்போது தொடங்குகிறது என்பது நாயின் உருவத்தைப் பொறுத்தது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களுக்கு ஏழு வயதிலேயே தொடங்கிவிடும். பொமரேனியன், டாஷண்ட் போன்ற சிறிய நாய்களுக்குப் பத்து வயது ஆகும். நம் நாட்டு நாய்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். நல்ல பராமரிப்பு கிடைத்தால் பதினான்கு பதினைந்து வயது வரை வாழ்கிறவையும் உண்டு.

முதலில் வீட்டில் பேசி முடியுங்கள்

காப்பகத்துக்குப் போன் செய்வதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். காலையும் இரவும் குறித்த நேரத்தில் மாத்திரை கொடுப்பது யார்? அவர் ஊருக்குப் போனால் அடுத்தவர் யார்? நாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட வேண்டும். கல்யாணம், காதுகுத்து, ரயில் தாமதம் எதுவும் அதற்கு விலக்கல்ல. பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றினால் சில மாதங்களில் அவர் களைத்துப்போவார், வீட்டில் சண்டை வரும்.

அடுத்தது வீடு. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு முப்பது கிலோ லாப்ரடாரைத் தத்தெடுக்காதீர்கள். மூட்டு வலி முற்றும் நாளில் அதைத் தினமும் மூன்று வேளை தூக்கி இறக்க வேண்டியிருக்கும். அதே வீட்டில் ஆறு கிலோ பொமரேனியன் நிம்மதியாக இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவதைவிட, பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நாய்க்கு நல்லது.

பணத்தைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசுங்கள். இலவசமாகக் கிடைக்கிற நாய்தான், ஆனால் மாதாந்திர மருந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, திடீரென்று வரும் ஸ்கேன் என்று செலவு இருந்துகொண்டே இருக்கும். செல்லப் பிராணிக் காப்பீட்டை நம்ப வேண்டாம். பெரும்பாலான திட்டங்களில் சேர்வதற்கு வயது வரம்பு இருக்கிறது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் கிடைக்காது. மாதந்தோறும் ஒரு தொகையை இதற்கென்றே தனியாக ஒதுக்கி வைப்பதுதான் நடக்கிற காரியம்.

இவ்வளவையும் பேசிய பிறகும் தயக்கம் இருந்தால் தற்காலிகப் பராமரிப்புக்குக் கேளுங்கள். உணவும் இடமும் நீங்கள் கொடுக்க, மருத்துவச் செலவைத் தாமே பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் உண்டு. சில வாரங்கள் சேர்ந்து வாழ்ந்து பார்த்தால் உங்களுக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும்.

காப்பகத்தில் எதைப் பார்க்க வேண்டும்

மருத்துவக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கருத்தடை, தடுப்பூசி, முன்பு வந்த நோய், இப்போது சாப்பிடும் மருந்து, கடைசி ரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் நகல் கையில் இருக்க வேண்டும். கோப்பைவிட அதிகம் தெரிந்தவர் அங்கே ஒருவர் இருப்பார்: தினமும் சோறு வைக்கும் ஊழியர். இது தட்டைக் காலி செய்கிறதா, எந்தப் பக்கம் மெல்லுகிறது, இரவில் இருமுகிறதா, எந்த நாயோடு ஒத்துப்போகாது என்பதை அந்த அக்காவிடமோ அண்ணனிடமோ பொறுமையாகக் கேளுங்கள்.

பிறகு நாயைப் பாருங்கள். கொஞ்சுவதற்கு முன் அது படுத்திருந்து எழும் விதத்தைக் கவனியுங்கள். முன்னங்கால்களால் உடலை இழுத்து, பின்பகுதியைக் கடைசியில் தூக்கினால் இடுப்பிலோ முதுகிலோ வலி இருக்கிறது. நகங்களைப் பாருங்கள். பின்னங்கால் நகங்கள் மேல்பக்கம் தேய்ந்திருந்தால், அது பாதத்தை ஊன்றாமல் இழுத்துக்கொண்டு நடக்கிறது என்று பொருள். அப்போது நரம்புக் கோளாறு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம், உண்ணிக் காய்ச்சல் அதற்கு ஒரு காரணம். காதை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சைத் தொற்று இருக்கும்.

கண்ணில் நீலச் சாம்பல் படலம் தெரிந்தாலே குருடு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வயதான நாயின் கண்வில்லை கெட்டிப்படுவதால் வரும் மங்கல் அது. பார்வையைப் பெரிதாகப் பாதிக்காது. வெள்ளையாக, பால் ஊற்றியதுபோல் அடைத்திருந்தால்தான் கண்புரை. பார்வையே இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். மேசையும் நாற்காலியும் இடம் மாறாத வீட்டில் குருட்டு நாய் சில வாரங்களில் மோப்பத்தால் வழி கற்றுக்கொண்டு நடமாடும். ராஜபாளையம் இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். எந்த இனமாக இருந்தாலும், காது கேளாத நாயைப் பின்னாலிருந்து திடீரென்று தொடக் கூடாது. தரையை ஒருமுறை தட்டிவிட்டு அருகில் போங்கள், அதிர்வு அதற்குத் தெரியும்.

முதல் வாரத்திலேயே முழுப் பரிசோதனை

காப்பகத்தில் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொன்னாலும் நீங்கள் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஸ்கேன் எடுக்க முடியாது.

தனியார் கட்டணம் மலைக்க வைத்தால் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகளுக்குப் போகலாம். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கல்லூரிகள் உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்த ஆய்வு, துறை வல்லுநர் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைப்பது பெரிய வசதி.

முழு ரத்த அணு எண்ணிக்கை, உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப்பூச்சு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், யூரியா, கல்லீரல் நொதிகள், சர்க்கரை, ஆல்புமின் ஆகியவற்றைக் கேளுங்கள். சிறுநீரைப் பரிசோதிக்கவும் சொல்லுங்கள். பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் உயரும் நேரத்தில் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலையை நிறுத்தியிருக்கக் கூடும். சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே குறைந்துவிடும். காலையில் முதல் நடைக்குப் போகும்போது ஒரு தட்டையான கிண்ணத்தை அடியில் நீட்டிப் பிடித்தால் போதும்.

நம் ஊர் நாய்களுக்கென்றே சில நோய்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நாய் உண்ணி எர்லிக்கியா, பபேசியா என்ற இருவேறு கிருமிகளைக் கொண்டுவரும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் முழுமையாகக் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் நாய் தேறி வாலாட்டும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிட்டால் கிருமி எலும்பு மஜ்ஜையில் தங்கி, மாதங்கள் கழித்து மூக்கில் ரத்தம் வடியும் நிலைக்குக் கொண்டுபோகும். பபேசியாவுக்கு வேறு மருந்து. அதனால் ‘உண்ணிக் காய்ச்சல் ஊசி’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்தக் கிருமி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொசு மூலம் வரும் இதயப் புழுவுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

தெருவில் இருந்த நாயின் பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டினால், நாய்க்கு நாய் பரவும் ஒருவகைக் கட்டியாக இருக்கலாம். வாரம் ஒருமுறை வின்கிறிஸ்டின் ஊசி என்று சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். அருவருப்பான நோய் என்று இந்த நாய்களை ஒதுக்குகிறார்கள். குணமாகக்கூடிய புற்றுநோய்களில் இது ஒன்று, தயங்காதீர்கள். கருத்தடை செய்யாத வயதான பெண் நாய், இனச்சேர்க்கைப் பருவம் வந்துபோன சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். விடியும் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ரேபிஸ் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் கட்டாயம், அதற்கு இந்தத் தடுப்பூசிச் சான்று தேவை. வலியில் இருக்கும் நாய், எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், தொட்டால் கடிக்கலாம். பல் பட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நம் நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

தரைதான் முதல் மருந்து

எங்கள் வீட்டுக்கு வந்த கறுப்பு லாப்ரடார் கூடத்தைக் கடக்கவே மறுத்தது. வாசல் சிமென்ட் தரையில் நன்றாகத்தான் நடந்தது. மொசைக் தரை தொடங்கும் இடத்தில் நின்று, ஒரு பாதத்தை நீட்டித் தொட்டுப் பார்த்துப் பின்வாங்கியது. தைரியம் வந்து இரண்டடி வைத்தால் பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டு போகும். நகங்கள் தரையைப் பிறாண்டும் சத்தம் சமையலறை வரை கேட்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ‘வயதாகிவிட்டது’. வாசலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ரப்பர் விரிப்புகளை வரிசையாகப் போட்டோம். அன்று மாலையே அந்தப் பாதையில் நடந்து தண்ணீர் குடிக்கப் போனது. விரிப்பு முடியும் இடத்தில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்ததும், அடுத்த துண்டை எங்கே போட வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

டைல்ஸும் மொசைக்கும் முதிய நாயின் இடுப்புக்கு எதிரிகள். ரப்பர் விரிப்பு, யோகா விரிப்பு, சணல் சாக்கு எது வேண்டுமானாலும் போடலாம், விரிப்பு வழுக்காமல் இருந்தால் போதும். பாதத்தின் அடியில் வளரும் முடியை வெட்டிவிடுங்கள், நகத்தைக் குட்டையாக வைத்திருங்கள். படுக்கை நாலு விரல் கனமாவது இருக்க வேண்டும். வெறும் தரையில் கிடந்தால் முழங்கையில் தோல் கெட்டிப்பட்டுப் புண்ணாகும். எழ முடியாத நாயை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வையுங்கள். பின்னங்கால் பலவீனமாக இருந்தால், பழைய துண்டு ஒன்றை வயிற்றுக்கு அடியில் தொட்டில்போல் கொடுத்து இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நடத்தலாம்.

உண்ணியை ஒழிக்க நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. உண்ணி சுவர் விரிசலிலும் ஜன்னல் சட்டத்திலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிசல்களை அடையுங்கள், படுக்கை விரிப்பை வெந்நீரில் துவையுங்கள். நாய்க்கு எந்த உண்ணி மருந்து என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். வலிப்பு உள்ள நாய்க்குச் சிலவகை உண்ணி மாத்திரைகள் ஆகாது. அமிட்ராஸ் கலந்த குளியல் மருந்து சர்க்கரை நோயுள்ள நாய்க்கு ஆகாது.

பழகும் காலம்

மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்ற எண்ணம் வரும். முதிய நாய்களில் சில இதைவிட அதிகக் காலம் எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். ஒரு மூலை, ஒரு படுக்கை, ஒரு தண்ணீர்க் கிண்ணம், குறித்த நேரத்தில் சாப்பாடு, இவை போதும். வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அடிப்பதும் மூக்கைத் தேய்ப்பதும் கொடுமை. பல நாய்களுக்கு அது அடக்க முடியாத நோயாகவே இருக்கும்.

சாம்பார் சாதம் வேண்டாம்

நம் வீடுகளில் மீந்ததை நாய்க்கு வைப்பது பழக்கம். சாம்பாரில் சின்ன வெங்காயம், ரசத்தில் பூண்டு, இரண்டிலும் உப்பு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு இது இரட்டை அடி. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை கலந்த இனிப்புகள் கூடவே கூடாது. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். நெய் வடியும் பொங்கல், வறுத்த கோழித்தோல் போன்றவை கணைய அழற்சியை வரவழைக்கும். தேநீருக்கு வைத்த பிஸ்கட்டும் வெறும் மாவும் சர்க்கரையும்தான்.

உப்பில்லாமல் வேகவைத்த கோழி, சோறு, பூசணி, கேரட், முட்டை என்று வீட்டிலேயே சமைக்கலாம். ஆனால் அதை மட்டுமே நிரந்தரமாகக் கொடுத்தால் கால்சியமும் சில ஊட்டச்சத்துகளும் குறையும். எதை எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சிறுநீரக நோய் இருந்தால் பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும். எலும்பு, ஈரல், கருவாடு வேண்டாம். இதய நோய்க்கு உப்பு ஆகாது. மூட்டு நோய்க்கு எடை குறைவதுதான் மிகச் சிறந்த மருந்து. குண்டான லாப்ரடாரின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாலே அது நடக்கும் விதம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தினசரி மருந்தும் கண்காணிப்பும்

மூட்டு வலிக்கு மெலாக்சிகாம், கார்ப்ரோபென் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குமா என்று ரத்தத்தில் பார்த்த பிறகே தொடங்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பின் கொடுக்க வேண்டும், ஸ்டீராய்டுடன் சேர்க்கவே கூடாது. வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இப்யூபுரூபன், டைக்ளோபெனாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். பாசத்தில் கொடுத்த ஒரு மாத்திரை குடலில் புண்ணையோ கல்லீரல் பாதிப்பையோ உண்டாக்கி உயிரையே எடுக்கலாம்.

மாத்திரையை இட்லித் துண்டிலோ வாழைப்பழத்திலோ பொதித்துக் கொடுக்கலாம், சர்க்கரை நோய் இருந்தால் வாழைப்பழம் வேண்டாம். டாக்சிசைக்ளினை மட்டும் தயிரிலோ பாலிலோ வைக்காதீர்கள், கால்சியம் அதன் வேலையைக் கெடுக்கும். வெறும் வயிற்றில் உலர்ந்த மாத்திரையாகக் கொடுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கொடுத்த பிறகு தண்ணீர் குடிக்க வைத்துவிடுங்கள்.

இதய நோய் உள்ள நாய்க்கு ஒரு சுலபமான கண்காணிப்பு இருக்கிறது. அது ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டியே நீடித்தால் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இந்த எண்ணிக்கை எச்சரித்துவிடும்.

சிறுநீரக நோய்க்குத் தண்ணீரை அளக்க வேண்டும். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியைக் கழியுங்கள். கிலோவுக்கு நூறு மில்லிக்கு மேல் குடித்தால் அது இயல்பல்ல. அதிகம் குடிக்கிறதே என்று கிண்ணத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள். அதன் உடல் நீரைத் தேக்கி வைக்க முடியாமல்தான் கேட்கிறது. நோய் முற்றினால் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவதை மருத்துவரே கற்றுக்கொடுப்பார். முதல்முறை கை நடுங்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே தளர்ந்த தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடிக்கப் பழகிவிட்டால் வீட்டிலேயே செய்யலாம், மருத்துவமனைக்கு அலையும் அலைச்சல் மிச்சம்.

இன்சுலின் போடுகிறவர்கள் சிரிஞ்சைக் கவனியுங்கள். மில்லிக்கு நாற்பது யூனிட் உள்ள குப்பிக்கு நாற்பது யூனிட் சிரிஞ்சுதான். நூறு யூனிட் சிரிஞ்சில் அதே கோட்டுக்கு எடுத்தால் அளவு மாறிவிடும். நாய் சாப்பிட்ட பிறகே ஊசி போடுங்கள். சாப்பிட மறுத்தால் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை தாழ்ந்து தள்ளாடினாலோ நடுங்கினாலோ ஈறில் தேனையோ குளுக்கோஸையோ தடவிவிட்டு உடனே கொண்டுபோங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதிய நாய் ஒருநாள் காலையில் திடீரென்று தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்மணிகள் ஊசலாட, நிற்க முடியாமல் வட்டமடித்து விழும். பார்க்கிற எல்லோரும் பக்கவாதம், கதை முடிந்தது என்பார்கள். கருணைக் கொலைக்கே பேசிவிடுவார்கள். பல நேரங்களில் அது உள்காதின் சமநிலைக் கோளாறு. வாந்திக்கு மருந்து, கையால் ஊட்டுவது, விழாமல் சுற்றிலும் தலையணை என்று பார்த்துக்கொண்டால் சில நாட்களில் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலானவை நடமாடிவிடும். தலை கொஞ்சம் சாய்ந்தே இருக்கலாம், அதனால் ஒன்றும் இல்லை. மருத்துவர் பார்த்து வேறு காரணம் இல்லை என்று சொல்லும் வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இரவெல்லாம் அலைந்து, மூலையில் முட்டி நின்று, பழகியவரையே அடையாளம் தெரியாமல் பார்க்கும் நாய்க்கு மூளைத் தளர்ச்சி இருக்கலாம். அதற்கு முன் வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரவு விளக்கு ஒன்று எரியட்டும், நேர ஒழுங்கு மாறாமல் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எடை, சாப்பாடு, தண்ணீர், மலம், தூக்க மூச்சு, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். எடை பார்க்க நாயைத் தூக்கிக்கொண்டு இயந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். மருத்துவருக்கு ‘கொஞ்ச நாளாகச் சரியில்லை’ என்ற வாக்கியத்தைவிட இந்த நோட்டின் ஒரு பக்கம் நூறு மடங்கு உதவும்.

பருவம் மாறும்போது

சித்திரை, வைகாசியில் நடையைச் சூரியன் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. கடுமையாக இரைத்து, ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் வெப்பத்தாக்கு. சாதாரண நீரால் உடலை நனைத்து, மின்விசிறிக்கு அடியில் வைத்து, அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். மழைக்காலத்தில் தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும், நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். அந்த நாயின் சிறுநீரைக் கையுறை போட்டே துடைக்க வேண்டும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, வெடிச் சத்தப் பயத்துக்கு மருந்து வேண்டுமா என்று கேளுங்கள். இதய நோய் இருந்தால் மயக்க மருந்தை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

முடிவெடுக்க வேண்டிய நாள்

இந்த நாள் வரும் என்று தெரிந்துதான் முதிய நாயை எடுக்கிறோம். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஒரு அளவுகோல் வகுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற கேள்வி, இந்த ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். எழுபதுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். வாரம் ஒருமுறை, வீட்டில் இருவர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். பாசம் ஒருவர் கண்ணை மறைக்கும்போது மற்றவர் கணக்கு உண்மையைச் சொல்லும்.

வலியைக் கட்டுப்படுத்த வழியில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் இழுத்தடிப்பது நமக்காகத்தான், அதற்காக அல்ல. முதலில் ஆழ்ந்த மயக்க ஊசி, அது முழுமையாக உறங்கிய பிறகே கடைசி ஊசி என்று மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். அருகில் இருங்கள், குரல் தெரிந்த ஒருவர் தலையைப் பிடித்திருக்க வேண்டும். அடக்கமா தகனமா என்பதையும் எங்கே என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அந்த நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு தேட முடியாது.

பிரிக்காத மாத்திரை அட்டைகள், மருத்துவ உணவு, சலைன் பாட்டில், ரப்பர் விரிப்பு, துண்டுகள் எல்லாம் மீதம் இருக்கும். காலாவதித் தேதியைப் பார்த்து, மருந்துகளைப் பெயர் எழுதிய பையில் போட்டு, மற்றவற்றோடு காப்பகத்தில் கொடுத்துவிடுங்கள். அங்கே அதே மாத்திரைக்காகக் காத்திருக்கும் வேறொரு முதிய நாய் இருக்கும்.